ஆடு நனைகிறதென்று அழும் ஓநாய்கள்: மதரசா பாடத்திட்டமும் பாஜகவின் இரட்டை வேடமும்

உத்தரப்பிரதேச மதரசா கல்வி வாரியம் பத்தாம் வகுப்புக்கு நிகராக நடத்தும் தேர்வுகளுக்கு முன்ஷி, மௌல்வி என்று பெயர். பாரசீக இலக்கியம் பயில்பவருக்கு முன்ஷி. அரபு இலக்கியம் பயில்பவருக்கு மௌல்வி. சன்னி அல்லது ஷியா இறையியல், உருது இலக்கியம், பொது ஆங்கிலம், பொது இந்தி ஆகியவை கட்டாயப் பாடங்கள். இவற்றுடன் ஒரே ஒரு பாடத்தை மாணவர் தம் விருப்பப்படி எடுத்துக்கொள்ளலாம். அந்த விருப்பப் பட்டியலில் கணிதம், அறிவியல், சமூக அறிவியல், தர்க்கமும் தத்துவமும், யுனானி மருத்துவம் சார்ந்த ‘திப்’, மாணவியருக்கு மட்டும் மனையியல் ஆகியவை இடம்பெறுகின்றன. 2024 மார்ச் 22 அன்று அலகாபாத் உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்ட பாடப்பட்டியல் இது.

இப்பட்டியலின் பொருள் தெளிவானது. கணிதத்தை எடுத்தால் அறிவியல் இல்லை. அறிவியலை எடுத்தால் வரலாறும் புவியியலும் இல்லை. மனையியலைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மாணவி கணிதமும் அறிவியலும் இன்றியே பத்தாம் வகுப்பைத் தாண்டிவிடலாம். தாண்டிய பிறகு அவள் எங்கே போவாள்? பாலிடெக்னிக் கல்லூரியின் கதவு திறக்காது. செவிலியர் படிப்பின் கதவும் திறக்காது. தச்சரின் மகளும் நெசவாளியின் மகளும் பெற்றோரைவிட ஒரு படி மேலே ஏறுவதற்கான ஏணி, பதினைந்து வயதிலேயே அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டுவிடுகிறது.

இது குறைதான். பெரும் குறை. சிறுபான்மையினர் மீதான தாக்குதலை எதிர்க்கும் எவரும் இக்குறையை மூடி மறைக்கத் தேவையில்லை, மறைக்கவும் கூடாது. ஆனால், இக்குறையை ஊருக்கெல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் யார்? சொல்லிய பின் அதைக் களைய அவர்கள் செய்தது என்ன? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடினால், ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாயின் கதைதான் முன்னே வந்து நிற்கிறது.

பாடநூலைக் கொடுத்தார்கள், ஆசிரியரைப் பறித்தார்கள்

மதரசாக்களில் கணிதம், அறிவியல், சமூக அறிவியல், மொழிப் பாடங்கள் ஆகியவற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒன்றிய அரசு மதிப்பூதியம் வழங்கும் ஏற்பாடு 1993-94ஆம் ஆண்டில் மதரசா நவீனமயமாக்கல் திட்டமாகத் தொடங்கியது. 2009இல் அது ‘மதரசாக்களில் தரமான கல்வி வழங்கும் திட்டம்’ என்று விரிவாக்கப்பட்டது. பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 6,000 ரூபாய், பி.எட். முடித்த முதுநிலைப் பட்டதாரிக்கு 12,000 ரூபாய். கட்டடத் தொழிலாளியின் கூலியைவிடக் குறைந்த இந்தத் தொகைக்குத்தான் உத்தரப்பிரதேசத்தில் மட்டும் 21,000க்கும் மேற்பட்டோர் பணியாற்றினர். அவர்களில் இந்துக்களும் உண்டு. இறையியல் கற்பிப்பது அவர்கள் வேலையன்று. பின்னங்களையும் ஒளிச்சேர்க்கையையும் இந்திய வரைபடத்தையும் கற்பிப்பதே அவர்கள் வேலை.

மதரசாவில் நவீனக் கல்வி இல்லையே என்று உண்மையிலேயே வருந்துகிற ஓர் அரசு முதலில் எதைச் செய்யும்? இந்த ஆசிரியர்களின் ஊதியத்தை உயர்த்தும், அவர்களை நிரந்தரமாக்கும், ஓர் ஆய்வகத்தையாவது கட்டிக் கொடுக்கும். மோடி அரசும் யோகி அரசும் செய்தது இதற்கு நேர் எதிரானது. 2018இல் ஒன்றிய அரசு தன் பங்கைக் குறைத்து, செலவை 60:40 என்று மாநிலங்களின் தலையில் ஏற்றியது. ஒன்றிய அரசு தர வேண்டிய பங்கு ஆண்டுக்கணக்கில் வந்து சேரவில்லை. 2021-22க்குப் பிறகு திட்டமே நீட்டிக்கப்படவில்லை. முந்தைய மாநில அரசு கூடுதலாக வழங்கிவந்த 2,000, 3,000 ரூபாயையும் 2024 ஜனவரியில் யோகி ஆதித்யநாத் அரசு நிறுத்திவிட்டது.

இதே யோகி அரசுதான் 2018இல் மதரசாக்களில் என்சிஇஆர்டி பாடநூல்களைப் புகுத்துவதாகப் பெருமையோடு அறிவித்தது. புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, அதை நடத்தும் ஆசிரியரின் வயிற்றில் அடிக்கும் சீர்திருத்தத்துக்கு என்ன பெயர்? 2022 மே மாதம் புதிய மதரசாக்களுக்கு மானியம் இல்லை என்று அமைச்சரவை முடிவெடுத்தது. மாநிலத்தில் அரசு மானியம் பெறும் மதரசாக்கள் 560 மட்டுமே. அதே ஆண்டு செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மதரசாக்களைத் தேடி மாவட்டந்தோறும் கணக்கெடுப்பு நடத்தப்பட்டு, சுமார் 8,500 மதரசாக்கள் அங்கீகாரமின்றி இயங்குவதாகக் கண்டறியப்பட்டது. அங்கீகாரம் தந்து, ஆசிரியரைத் தந்து, தரத்தை உயர்த்தும் திட்டம் எதுவும் அந்தக் கணக்கெடுப்பைத் தொடரவில்லை. தொடர்ந்தவை நோட்டீசுகளும் பூட்டுகளுமே. 2025இல் நேபாள எல்லையோர மாவட்டங்களில் மதரசாக்கள் மீது நடத்தப்பட்ட சீல் வைப்பும் இடிப்பும், உத்தரகாண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட மதரசாக்களுக்கு வைக்கப்பட்ட சீலும் கணிதம் கற்பிப்பதற்காகவா நடந்தன?

நீதிமன்றம் சொன்னதும் பாஜக கேட்க விரும்பியதும்

அலகாபாத் உயர்நீதிமன்றம் 2004ஆம் ஆண்டின் உத்தரப்பிரதேச மதரசா கல்வி வாரியச் சட்டத்தை முற்றாக ரத்து செய்தபோது சங்பரிவார வட்டாரங்கள் கொண்டாடின. மதச்சார்பின்மைக்கு எதிரானது இச்சட்டம் என்பது உயர்நீதிமன்றம் கூறிய காரணங்களில் ஒன்று. மதச்சார்பின்மை என்ற சொல்லை அரசமைப்பின் முகப்புரையிலிருந்தே நீக்க வேண்டும் என்று பேசுபவர்கள், அன்று ஒரு நாள் மட்டும் அச்சொல்லின் காவலர்களாகிப் போயினர்.

2024 ஏப்ரல் 5 அன்று உச்சநீதிமன்றம் அத்தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. சுமார் 17 லட்சம் மாணவர்களின் கல்வி பாதிக்கப்படும் என்பதை அந்த ஆணை சுட்டிக்காட்டியது. அதே ஆண்டு நவம்பர் 5 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு இறுதித் தீர்ப்பு அளித்தது. மதரசா வாரியச் சட்டம் செல்லும். ஆனால் பட்டப்படிப்புக்கும் முதுநிலைப் படிப்புக்கும் நிகரான காமில், பாசில் பட்டங்களை வாரியம் வழங்குவது பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்துக்கு முரணானது என்பதால் அந்தப் பகுதி மட்டும் செல்லாது என்பது அத்தீர்ப்பு.

இத்தீர்ப்பின் நடுநாயகமான வாதத்தை இடதுசாரி இயக்கம் மக்களிடையே கொண்டுசெல்ல வேண்டும். மதரசாவை நடத்தும் உரிமை சிறுபான்மையினருக்கு உண்டு. அதேவேளை, அங்கே படிக்கும் மாணவர் சமூகத்தில் முழுமையாகப் பங்கேற்கவும் பிழைப்பைத் தேடிக்கொள்ளவும் தேவையான தரமான கல்வி கிடைப்பதை உறுதிசெய்யும் கடமை அரசுக்கு உண்டு. நிறுவனத்தின் சிறுபான்மைத் தன்மையை அழிக்காமலேயே மதச்சார்பற்ற பாடங்களைக் கட்டாயமாக்க வாரியத்தால் முடியும். அதாவது, பாடப்பட்டியலில் ஓட்டை இருந்தால் அதை அடைக்க வேண்டியது அரசின் பொறுப்பு. ஓட்டையைக் காட்டிப் பள்ளியையே இடிப்பது அரசின் உரிமையாகாது.

பாஜக அரசுகள் இந்தப் பகுதியைக் கேட்க விரும்பவில்லை. 2024 அக்டோபரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், மதரசாக்களுக்கும் மதரசா வாரியங்களுக்கும் அரசு நிதியை நிறுத்துமாறு மாநிலத் தலைமைச் செயலாளர்களுக்குக் கடிதம் எழுதியது. அதன்மீதான நடவடிக்கைகளுக்கு அக்டோபர் 21 அன்று உச்சநீதிமன்றம் தடை விதிக்க நேர்ந்தது. குழந்தைகளின் உரிமையைக் காக்கும் பெயரில், அவர்கள் படிக்கும் பள்ளியின் நிதியை வெட்டச் சொல்லும் விந்தை வேறெங்கும் காணக் கிடைக்காது. அதன் பின்னரும் உத்தரகாண்ட் அரசு 2025இல் புதிய சிறுபான்மைக் கல்வி நிறுவனங்கள் சட்டத்தைக் கொண்டுவந்து, மதரசா வாரியத்தை 2026 ஜூலை 1 முதல் கலைக்க முடிவுசெய்தது.

ஒரே சட்டப் பிரிவு, இரண்டு நீதிகள்

கல்வி உரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டபோது அதில் ஓர் உட்பிரிவு சேர்க்கப்பட்டது. மதரசாக்கள், வேதபாடசாலைகள், முதன்மையாகச் சமயக் கல்வி அளிக்கும் நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு இச்சட்டம் பொருந்தாது என்பது அதன் சாரம். ஒரே வாக்கியத்தில் மதரசாவும் வேதபாடசாலையும் அருகருகே நிற்கின்றன. ஆனால் பாஜகவின் கண்களுக்கு அவ்வாக்கியத்தின் முதல் பாதி மட்டுமே தெரிகிறது.

உஜ்ஜயினியில் உள்ள மகரிஷி சாந்தீபனி ராஷ்டிரிய வேத வித்யா பிரதிஷ்டான் 1987இல் நிறுவப்பட்டது. ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் நிதியில் இயங்குவது. மோடி ஆட்சியில் அதன்கீழ் ஒரு வேத சம்ஸ்கிருதக் கல்வி வாரியமே அமைக்கப்பட்டது. அந்த வாரியம் வழங்கும் வேத பூஷண் சான்றிதழைப் பத்தாம் வகுப்புக்கும், வேத விபூஷண் சான்றிதழைப் பன்னிரண்டாம் வகுப்புக்கும் நிகரானவையாக இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் 2022இல் ஏற்றுக்கொண்டது. அவற்றைப் பெற்றவர்கள் பொறியியல் உட்பட எந்த உயர்கல்விக்கும் விண்ணப்பிக்கலாம் என்ற நிலை உருவாக்கப்பட்டது. பதஞ்சலி அறக்கட்டளையின் அரவணைப்பில் உருவான பாரதிய சிக்ஷா வாரியத்துக்கும் இதே காலத்தில் அங்கீகாரம் கிடைத்தது.

வேதபாடசாலை மாணவருக்குச் சமநிலைச் சான்றிதழ். மதரசா மாணவருக்கு சீல் வைத்த கதவு. வேத வாரியத்தின் பாடத்திட்டத்திலும் காகிதத்தில் கணிதமும் அறிவியலும் இருக்கின்றன. வகுப்பில் அவை எந்த அளவுக்கு நடக்கின்றன, அதற்குத் தகுதியான ஆசிரியர் இருக்கிறாரா என்று அறிய, 8,500 மதரசாக்களைத் தேடித் திரிந்த ஆர்வத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட பாஜக அரசுகள் காட்டவில்லை. பிறப்பின் பெயரால் பெரும்பான்மை மக்களுக்கும், பால் வேறுபாட்டின் பெயரால் பெண்களுக்கும் மறுக்கப்பட்ட வேதக் கல்வியை மக்கள் வரிப்பணத்தில் நடத்தும்போது, அங்கே யார் படிக்கிறார்கள், யார் வாசலிலேயே நிறுத்தப்படுகிறார்கள் என்ற கேள்வியும் எழுப்பப்படுவதில்லை.

அசாம் இதற்கு இன்னும் வெளிப்படையான சான்று. 2020 டிசம்பரில் அம்மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டத்தால், அரசு நடத்திவந்த மதரசாக்கள் பொதுப் பள்ளிகளாக மாற்றப்பட்டன. மக்கள் பணத்தில் சமயக் கல்வி கூடாது என்பதே காரணம் என்றார் அன்றைய கல்வி அமைச்சர் ஹிமந்த பிஸ்வ சர்மா. கொள்கை அளவில் இது சரியாகவே ஒலிக்கும். அரசின் முழு நிதியில் இயங்கும் கல்வி நிலையத்தில் சமய போதனை கூடாது என்பது அரசமைப்பின் 28ஆவது பிரிவு கூறுவதுதான். ஆனால் அதே அறிவிப்பில், அரசு நிதியில் இயங்கிய 97 சம்ஸ்கிருத டோல்களுக்கு வேறு நீதி வழங்கப்பட்டது. அவை குமார் பாஸ்கர வர்மா சம்ஸ்கிருதப் பல்கலைக்கழகத்தின் கீழ் இந்தியப் பண்பாடு, நாகரிகம், தேசியம் ஆகியவற்றின் ஆய்வு மையங்களாக்கப்படும் என்று கூறப்பட்டது. அரபு கற்பித்தால் மதம். சம்ஸ்கிருதம் கற்பித்தால் பண்பாடு! 2022 மே மாதம், முதலமைச்சரான பின்னர், ஆர்எஸ்எஸ் சார்பு இதழ்கள் டெல்லியில் நடத்திய நிகழ்ச்சியில் ‘மதரசா’ என்ற சொல்லே இல்லாமல் போக வேண்டும் என்று சர்மா பேசினார். பாடத்திட்டச் சீர்திருத்தம் என்ற போர்வை அன்றே நழுவிவிட்டது.

உத்தரப்பிரதேசத்திலும் இதே கதைதான். மதரசா ஆசிரியரின் மதிப்பூதியம் நிறுத்தப்பட்ட அதே 2024இல் சம்ஸ்கிருதப் பள்ளி மாணவர்களின் உதவித்தொகை உயர்த்தப்பட்டது. ஏழை மாணவருக்கு உதவித்தொகை கிடைப்பதை இடதுசாரிகள் எதிர்க்கவில்லை. எந்த மொழி பயிலும் ஏழை மாணவருக்கும் அது கிடைக்கட்டும். ஒரு குழந்தையின் தட்டில் சோறு வைக்கும் கையே பக்கத்துக் குழந்தையின் தட்டைப் பறிப்பதுதான் எதிர்க்கப்படுகிறது.

அறிவியலின் காவலர்கள் டார்வினை என்ன செய்தார்கள்?

மதரசா மாணவருக்கு அறிவியல் கிடைக்கவில்லை என்று கண்ணீர் விடுபவர்கள், நாட்டின் பொதுப் பள்ளி மாணவருக்கு எதைக் கொடுக்கிறார்கள்? சுமையைக் குறைப்பதாகச் சொல்லி, என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து டார்வினின் பரிணாமக் கோட்பாட்டையும் தனிம வரிசை அட்டவணைப் பாடத்தையும் நீக்கியது. பத்தாம் வகுப்போடு அறிவியலை விட்டுவிடும் மாணவர், மனித இனம் எப்படித் தோன்றியது என்பதை அறியாமலேயே பள்ளியை விட்டு வெளியேறுவார். 2023 ஏப்ரலில் 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு இதைக் கண்டித்தனர். பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்று நூலிலிருந்து முகலாய அரசவைகள் பற்றிய பாடம் வெளியேற்றப்பட்டது. பத்தாம் வகுப்பு அரசியல் நூலிலிருந்து மக்கள் போராட்டங்களும் ஜனநாயகத்தின் சவால்களும் காணாமல் போயின.

மதரசாவில் அறிவியல் விருப்பப் பாடம். பாஜக ஆளும் நாட்டின் பொதுப் பள்ளியிலோ அறிவியலுக்குள்ளேயே டார்வின் விருப்பப் பாடமாகிவிட்டார். இந்த இரண்டுக்கும் இடையே பாஜக சொல்லிக்கொள்ளும் அளவுக்குத் தூரம் இல்லை.

ஏழை ஏன் மதரசாவைத் தேடுகிறார்?

முஸ்லிம் பெற்றோர் மதப்பற்றின் காரணமாகவே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் மதரசாவுக்கு அனுப்புகிறார்கள் என்பது நீண்டகாலமாகப் பரப்பப்பட்டுவரும் பொய். 2006இல் வெளியான சச்சார் குழு அறிக்கை இப்பொய்யை உடைத்தது. பள்ளி செல்லும் வயதுடைய முஸ்லிம் குழந்தைகளில் சுமார் 3 விழுக்காட்டினர் மட்டுமே மதரசாக்களில் பயில்கின்றனர் என்று அக்குழு கண்டது. அதைவிடக் கொடிய உண்மை ஒன்றையும் அது பதிவுசெய்தது. 6 முதல் 14 வயதுக்குட்பட்ட முஸ்லிம் குழந்தைகளில் நால்வரில் ஒருவர் பள்ளியையே பார்த்ததில்லை அல்லது இடையில் நின்றுவிட்டார். மதரசாவில் படிப்பவரைக் காட்டிலும் எங்குமே படிக்காதவர் பல மடங்கு அதிகம். பாஜகவின் பேச்சில் இந்தக் குழந்தைகளுக்கு ஒருபோதும் இடமில்லை.

மதரசாவுக்கு வரும் குழந்தைகளும் பெரும்பாலும் வறுமையினாலேயே வருகிறார்கள். அங்கே கட்டணம் இல்லை. பல இடங்களில் தங்க இடமும் உண்ண உணவும் கிடைக்கும். அருகில் அரசு உயர்நிலைப் பள்ளி இல்லாத ஊரில், இருந்தும் ஆசிரியர் வராத ஊரில், உருது பேசும் குழந்தைக்கு உருது கற்பிக்க ஆளில்லாத ஊரில், மதரசா என்பது பெற்றோர் தேர்ந்தெடுத்த ஒன்றன்று, எஞ்சியிருக்கும் ஒன்று.

அந்த அரசுப் பள்ளிகளையாவது பெருக்குகிறார்களா? 2025 ஜூன் மாதம் உத்தரப்பிரதேச அரசு 50க்கும் குறைவான மாணவர்கள் உள்ள அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளை அருகிலுள்ள பள்ளிகளோடு இணைக்க ஆணையிட்டது. ஆயிரக்கணக்கான ஊர்களில் குழந்தையின் காலடிக்கும் பள்ளிக்கும் இடையிலான தூரம் கூடியது. முதலில் நிற்பது பெண் குழந்தையின் படிப்புதான். தலித் குழந்தைக்கும் முஸ்லிம் குழந்தைக்கும் இதில் வேறுபாடில்லை. 2022 நவம்பரில் சிறுபான்மை மாணவர்களுக்கான பள்ளிக் கல்வி உதவித்தொகை ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை நிறுத்தப்பட்டது. அடுத்த மாதம் ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை கைவிடப்பட்டது. கீழே தொடக்கப் பள்ளி, மேலே ஆய்வுப் படிப்பு என ஏணியின் இரு முனைகளையும் அறுத்துவிட்டு, நடுவில் நிற்கும் மதரசா மாணவனைப் பார்த்து ஏன் மேலே ஏறவில்லை என்று கேட்கிறார்கள்.

மதரசா நிர்வாகங்களின் பொறுப்பு

பாஜகவின் வஞ்சகத்தை அம்பலப்படுத்துவது மதரசா நிர்வாகங்களைக் கேள்விக்கு அப்பாற்பட்டவையாக ஆக்கிவிடாது. பதினெட்டாம் நூற்றாண்டில் லக்னோவின் ஃபிரங்கி மகாலில் முல்லா நிஜாமுத்தீன் வகுத்த தர்ஸ்-இ-நிஜாமி பாடத்திட்டத்தில் தர்க்கத்துக்கும் தத்துவத்துக்கும் கணிதத்துக்கும் இடம் இருந்தது. அக்காலத்து அரசு அலுவலுக்குத் தேவையான அறிவை அளிக்கும் பாடத்திட்டம் அது. வட இந்தியாவின் மக்தபுகளில் பாரசீகம் கற்ற இந்துக்கள் ஏராளம். இந்தி, உருது இலக்கியங்களின் பெருமகனான பிரேம்சந்தும் சிறுவயதில் ஒரு மௌல்வியிடமே உருதுவும் பாரசீகமும் பயின்றார்.

1857 எழுச்சி நசுக்கப்பட்ட பின், 1866இல் தேவ்பந்தில் தோன்றிய தாருல் உலூம் வேறு பாதையை வகுத்தது. நவீன அறிவியலுக்கு அரசுப் பள்ளிகள் உள்ளன, இங்கே சமயக் கல்வி போதும் என்பது அதன் நிறுவனர்களின் நிலைப்பாடாக இருந்தது. அந்நிய ஆட்சியின் கீழ், நொறுங்கிய ஒரு சமூகத்தின் தற்காப்பாக அன்று அது தோன்றியிருக்கலாம். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் அதே வாதத்தை நீட்டிப்பது யாருக்குப் பயன்? சமயத் தலைமையில் வசதி படைத்தோர் தம் பிள்ளைகளை ஆங்கிலவழிப் பள்ளிக்கு அனுப்ப முடியும். ரிக்‌ஷா இழுப்பவரின் பிள்ளைக்கு இறையியலும், செல்வந்தரின் பிள்ளைக்கு இயற்பியலும் என்ற பிரிவினை ஒரு வர்க்கப் பிரிவினை. சமயத்தின் பெயரால் அது புனிதமாகிவிடாது. மாணவிக்கு மனையியலும் மாணவனுக்குக் கணிதமும் என்ற பிரிவினைக்கும் இதுவே பொருந்தும்.

நவீனப் பாடங்களைச் சேர்த்தால் மதரசாவின் அடையாளம் போய்விடும் என்று அஞ்சுவோர், நாடெங்கும் ஜனநாயக சக்திகள் மதரசாவைக் காக்க நிற்கும் இவ்வேளையில், தம் மாணவரின் எதிர்காலத்தைக் காக்கத் தாமும் முன்வர வேண்டும். பாடப்பட்டியலில் உள்ள ஒவ்வோர் ஓட்டையும் சங்பரிவாரத்தின் கையில் கொடுக்கப்படும் ஒரு கல்.

முடியாது என்பவர்களுக்கு இரு மாநிலங்களின் விடை

சமயச் சார்புள்ள ஒரு பள்ளி முழுமையான பாடப்பட்டியலை அளிக்க முடியுமா என்ற கேள்விக்கு மேற்கு வங்கம் நடைமுறையில் விடை கண்டது. இடது முன்னணி ஆட்சியில் 1994இல் மதரசா கல்வி வாரியத்துக்குச் சட்டபூர்வ அதிகாரம் வழங்கப்பட்டது. உயர் மதரசாக்களில் வங்க மொழி, ஆங்கிலம், கணிதம், இயற்பியல் அறிவியல், உயிரியல், வரலாறு, புவியியல் ஆகிய அனைத்தும் பொதுப் பள்ளிக்கு நிகராகக் கற்பிக்கப்பட, அவற்றோடு அரபியும் இஸ்லாம் அறிமுகமும் சேர்ந்தன. அரசு ஆசிரியர்களுக்கு ஊதியம் வழங்கியது. 2008இல் ஆசிரியர் தேர்வுக்கெனத் தனி ஆணையத்துக்கான சட்டம் இயற்றப்பட்டது. விளைவு? முஸ்லிம் அல்லாத மாணவர்களும் உயர் மதரசாவில் சேர்ந்து தேர்வு எழுதுகிறார்கள். முஸ்லிம் அல்லாத ஆசிரியர்கள் பாடம் நடத்துகிறார்கள். அருகிலுள்ள நல்ல பள்ளி அதுவாக இருந்தால் உழைக்கும் மக்கள் அதன் பெயர்ப்பலகையைப் பார்ப்பதில்லை.

கேரளத்தின் வழி வேறு. அங்கே பெரும்பாலான முஸ்லிம் குழந்தைகள் காலையிலோ மாலையிலோ மதரசாவுக்குச் சென்று சமயம் கற்கிறார்கள். பகலில் எல்லோரோடும் ஒரே பெஞ்சில் அமர்ந்து பொதுப் பள்ளியில் பயில்கிறார்கள். சமயக் கல்வி பொதுக் கல்விக்கு மாற்றாக நிற்கவில்லை. அதற்கு வெளியே, சமூகத்தின் சொந்தப் பொறுப்பில் நடக்கிறது. 2025இல் இடது ஜனநாயக முன்னணி அரசு உயர்நிலைப் பள்ளிகளின் வேலை நேரத்தை அரை மணி நேரம் கூட்டியபோது, மதரசா நேரம் பாதிக்கப்படும் என்று சமஸ்தா அமைப்பு எதிர்த்தது. அரசு அவர்களோடு பேசியது. ஆனால் கற்பிக்கும் நேரத்தைக் கைவிடவில்லை. சிறுபான்மையினரைக் காக்கும் அரசே குழந்தையின் பாட நேரத்தையும் காத்தது. என்சிஇஆர்டி நீக்கிய பகுதிகளைத் துணைப் பாடநூல்களாக 2023இல் அச்சிட்டு வழங்கியதும் அதே அரசுதான்.

எதற்காகப் போராட வேண்டும்?

இப்பிரச்சனையில் கட்சி அணிகள் இரு தவறுகளைத் தவிர்க்க வேண்டும். பாஜக எதிர்க்கிறது என்பதற்காக மதரசா பாடத்திட்டம் இப்போதுள்ளபடியே இருக்கட்டும் என்பது ஒன்று. மதச்சார்பற்ற கல்வியே வேண்டும் என்பதற்காக, மாற்றுப் பள்ளி எதுவும் இல்லாத இடத்தில் மதரசாவின் கதவைப் பூட்டும் புல்டோசருக்கு மௌன ஒப்புதல் அளிப்பது இன்னொன்று. முதலாவது, குழந்தையைச் சமயத் தலைமையிடம் கைவிடுகிறது. இரண்டாவது, அதைத் தெருவில் கைவிடுகிறது.

கோத்தாரிக் குழு 1966இலேயே பரிந்துரைத்த பொதுப் பள்ளி முறைதான் நிலையான தீர்வு. பணக்காரர், ஏழை, இந்து, முஸ்லிம், தலித் என எல்லோரின் பிள்ளைகளும் அருகிலுள்ள ஒரே அரசுப் பள்ளியில் பயிலும் முறை அது. அந்த இலக்கை நோக்கிய போராட்டத்தில் உடனடிக் கோரிக்கைகள் உண்டு. மதரசா ஆசிரியர்களின் மதிப்பூதிய நிலுவை முழுவதும் வழங்கப்பட வேண்டும். அவர்கள் பணி நிரந்தரமாக்கப்பட வேண்டும். அங்கீகாரம் பெற்ற சமயப் பள்ளிகள் அனைத்திலும், மதரசாவானாலும் வேதபாடசாலையானாலும், கணிதமும் அறிவியலும் சமூக அறிவியலும் மாணவருக்கும் மாணவியருக்கும் கட்டாயமாக வேண்டும். அதற்கான ஆசிரியரையும் ஆய்வகத்தையும் அரசு தர வேண்டும். மத போதனையில் பங்கேற்கப் பெற்றோரின் சம்மதம் தேவை என்ற அரசமைப்பின் 28(3) பிரிவு எல்லா மதப் பள்ளிகளிலும் செயலுக்கு வர வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே எந்தக் குழந்தையும் நிறுத்தப்படாதவாறு 2012ஆம் ஆண்டின் விதிவிலக்கு மறுபரிசீலனை செய்யப்பட வேண்டும். சிறுபான்மையினர் செறிந்து வாழும் பகுதிகளில் உருது கற்பிக்கும் அரசு உயர்நிலைப் பள்ளிகளும் மாணவியர் விடுதிகளும் திறக்கப்பட வேண்டும். பறிக்கப்பட்ட உதவித்தொகைகள் மீட்கப்பட வேண்டும். நீக்கப்பட்ட டார்வின் பாடநூலுக்குத் திரும்ப வேண்டும்.

இக்கோரிக்கைகளில் எதையும் ஏற்காமல் மதரசா மாணவருக்காக அழும் எவரது கண்ணீரையும் நம்ப வேண்டியதில்லை. ஆடு நனையாமலிருக்க ஒரு கூரை போதும். ஓநாய் ஒருபோதும் கூரை வேய்ந்ததில்லை. அந்தக் கூரையை வேயும் வேலை தொழிலாளர், விவசாயி, மாணவர், ஆசிரியர் இயக்கங்களுடையது. மௌல்வித் தேர்வு எழுதும் மாணவியின் கையில் கணிதப் புத்தகமும், அவள் முன்னே ஊதியம் பெறும் ஆசிரியரும் வந்து சேரும்வரை அந்த வேலை முடியாது.